அந்நியராக இருக்கும் வேலை

சனிக்கிழமை, ஓல்டன்பர்க் ரயில் நிலையத்து முன்வெளி.
ஒன்பது மணியிலிருந்து நான் அந்நியர்.
சம்பளம் கிடையாது. ஒரு காப்பி,
எள் தூவிய ரொட்டி பாதி.
(மறு பாதி விப்கேவுக்கு. அவள்தான் தேர்வாளர்.)

நாயோடு வருபவரை நோக்கி நடக்க வேண்டும்.
நிற்க வேண்டும். கைகுலுக்க வேண்டும்.
வானிலை பற்றி இரண்டே வாக்கியம்.
நாய் என்னைப் பார்க்கலாம், தாவக் கூடாது.
நான் நாயைப் பார்க்கவே கூடாது.

ஐந்து வருடமாகச் செய்கிறேன்.
யாரையும் தெரியாதவள்போல் நிற்பது
எனக்கு நன்றாக வருகிறது என்கிறார்கள்.

முதலில் வந்த குட்டைக்கால் நாய்
விப்கேவின் இடது காலணியை நனைத்தது.
அடுத்து வந்தது, தரையில் போட்ட தொத்திறைச்சித் துண்டை
விழுங்கிவிட்டு
மேலே பார்த்தது, இன்னொன்று விழுமா என்று.

மூன்றாவது ஹென்னிங் ஃபொக்கென்.
பீட்ரூட் லாரி ஓட்டிய பெரிய கைகள்.
அவர் நாயின் பெயர் டோர்ஃப்,
இங்கே சதுப்பில் வெட்டி உலர்த்தி
அடுப்பெரிப்பார்களே, அந்தக் கரிமண்.
நிறமும் அதுதான். ஒரு காது பாதிதான் இருந்தது.

கை நீட்டினேன்.
"குளிர்," என்றேன்.
"குளிர்தான்," என்றார்.
என் இரண்டு வாக்கியத்தில் ஒன்று மிச்சமிருந்தது,
கையை அவர் விடவில்லை.
நடுவில் டோர்ஃப், இறக்கிவைத்த மூட்டை மாதிரி
அசையாமல்.

யோரிட் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் உரசிப் போனான்.
பாதிக் காது மட்டும் திரும்பியது.
துள்ளியவர் ஃபொக்கென்.
குடை படாரென்று விரிந்தது.
அவர் கையில் தொடங்கிய நடுக்கம்
வார் வழியே இறங்கி
நாயின் கழுத்தில் போய் அடங்கியது.

கடைசிப் பாடம், மூன்று நிமிடம்.
உரிமையாளர் கண்மறைவாகப் போக வேண்டும்.
வார் அந்நியரிடம்.

பூக்கடைக்குப் பின்னால் போனார்.
போகும்போது இரண்டு முறை
சட்டைப் பையைத் தடவினார், எதையோ மறந்தவர்போல.

டோர்ஃப் அந்த மூலையைப் பார்த்தது.
கொட்டாவி விட்டது.
ஒரு புறா நடந்து போனது, அதையும் பார்த்தது.

ஒன்றரை நிமிடத்தில்
துலிப் வாளிகளுக்கு மேலே ஒரு தொப்பி.
அப்புறம் கண்ணாடி.
"திரு ஃபொக்கென், தெரிகிறீர்கள்."
விப்கே தலையைத் தூக்கவே இல்லை.
தொப்பி இறங்கியது.
இருபது நொடி.
மறுபடி தொப்பி.

அப்போதுதான் நாய் என்னைப் பார்த்தது.
விதிப்படி நான் பார்த்திருக்கக் கூடாது.

விப்கேவின் தாளில் நாய்க்கு மட்டும்தான் கட்டங்கள்.
எல்லாவற்றிலும் சரி போட்டாள்.
மனிதருக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால்
பென்சில் அங்கே கொஞ்சம் நின்றிருக்கும்.

தாளை வாங்கி நாலாக மடித்தார்.
என் பக்கம் வந்து, மெதுவாக,
"அழுததா?" என்று கேட்டார.
"இல்லை."
"முனகல்கூட?"
"இல்லவே இல்லை. ரொம்ப நல்ல பிள்ளை."
தலையாட்டினார்.
தேறியவர் முகமாக அது இல்லை.
ஒரு பொய் சொல்லியிருக்கலாம்,
எனக்குத் தோன்றியபோது
அவர்கள் தெருவைக் கடந்துவிட்டார்கள்,
பச்சை விளக்குக்குக் காத்திருந்து, ஒழுங்காக.

வியாழக்கிழமை மழை. பேருந்து நிறுத்தத்தில்
வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தேன்,
அன்றைக்கு நான் யாருடைய அந்நியரும் இல்லை.
பின்னாலிருந்து ஏதோ மோதியது.
நெஞ்சில் இரண்டு சேற்றுப் பாதங்கள்,
முகவாயில் நாக்கு,
அந்தப் பாதிக் காது.

வாரின் மறுமுனையில் ஃபொக்கென்
மூச்சு வாங்க ஓடி வந்தார்.
கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்:
"சான்றிதழ் வீட்டில் இருக்கிறது."