கருவளையம்

ப்ளூ பே, மார்ச், காலை ஏழரை.
முப்பது புள்ளி ஆறு என்கிறது கருவி.
நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன்.
கண்ணாடிப் படகிலிருந்து வேலாய்தோன் கத்துகிறார்:
"ரசம் சூடாயிடுச்சா, செல்வினா?"

வெளுத்தால் பசி என்று அர்த்தம், சாகவில்லை,
வெக்கை தணிந்தால் நிறம் திரும்பும்
என்றுதான் போன வருடம் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருடம் ஒரு கோடு.
மூளைப் பவளத்தின் மேல்
மை தொட்டு இழுத்ததுபோல,
விரலகலம்கூட இல்லை.
தூக்கம் கெட்டவர் கண்ணுக்குக் கீழே வருமே,
அந்தப் பெயரையே வைத்துவிட்டோம்.
அதற்கு முன்னால் உயிர்.
தாண்டிப் போன இடமெல்லாம் சுண்ணாம்பு.
நாளுக்கு நான்கு மில்லிமீட்டர்;
தண்ணீர் சூடேறச் சூடேற
நடையை எட்டிப் போடுகிறது.

போன செவ்வாய் அதன் விளிம்பில்
ஓர் ஆணி அடித்து எண் கட்டினேன்: நாற்பத்தொன்று.
இன்று ஆணி
வெள்ளைக்குள் நிற்கிறது.

மேலே, கண்ணாடிக்கு அப்பால்,
ஏதோ ஒரு குழந்தை கையசைக்கிறது.
பென்சிலை வாய்க்குழாயருகே இடுக்கிக்கொண்டு
நானும் அசைக்கிறேன்.

படகு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும்.
நாற்பத்தொன்றின் மேல் விழுகிற
ஒரே நிழல் அது.