மயில் பார்

மயில்தான் முதலில் போனது.
கார்த்திகை மழையில் தோகையின் பச்சைக் குழாய் வெடித்தது,
பிறகு கொண்டை, பிறகு பெயர்.
மாங்குளம் சந்தியில் இப்போது
சிவப்பில் ஒரு சொல் மட்டும்:
பார்.

திருத்த வவுனியாவிலிருந்து வந்தவன்
கேட்ட காசைக் கேட்டு
முதலாளி துரைச்சிங்கம் சிரித்தார்.
"ஆக்கள் வாசிச்சோ வருகினம்?"

பார் என்கிறது.
யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்
திரைச்சீலையை இழுத்துவிடுகிறது.

ஞாயிறு இரவு
கண்ணிவெடி முகாமுக்குத் திரும்பும் நேசறூபி
அந்த வெளிச்சத்தில்தான் வாகனத்துக்கு நிற்பாள்.
உள்ளே போனதில்லை.
கிழமை முழுக்கச்
சிவப்புக் கட்டைக்கு அப்பால் கால் வைக்காதவள்

செருப்பைக் கழற்றுகிறாள்.
சிவந்து கிடக்கும் தாரில்
முதலில் பெருவிரல்,
பிறகு, மெல்ல,
குதி.