இருபது லிற்றர் மண்

வெள்ளவத்தையில் நாலாம் மாடி.
பல்கனி என்று பெயர்;
ஒரு கதிரை போட்டால் கதவு சாத்தாது.
அங்கேதான் வைத்தேன்,
மேல்வீட்டில் பூசி முடித்த பெயின்ற் வாளியை,
சூடாக்கிய திருப்புளியால் அடியில் ஒன்பது ஓட்டை போட்டு.
உருகிய பிளாஸ்ரிக் மணம் இரண்டு நாள் சோற்றிலும் இருந்தது.

கரட் கிலோ இரண்டாயிரம் ஆன கிழமை அது.
மரக்கறிக்கடைத் தில்லைநாதன்
கரட்டைத் தராசில் வைத்துவிட்டு என் முகத்தை நிறுத்தார்.
அரைக் கரட் தருவீங்களா என்று கேட்டேன்.
முறித்துத் தந்தார். நுனிப் பக்கம்.

புறக்கோட்டையில் விதைப் பக்கெற் வாங்கினேன்.
படத்தில் நுவரெலியாக் குளிர்.
உள்ளே, சீரகத்தைவிடச் சின்னதாய்,
மயிர் முளைத்த தூசி ஒரு சிட்டிகை.
தும்புச்சோறும் மணலும் கலந்து, கல் பொறுக்கி
(ஒரு கல் கிடந்தாலும் வேர் இரண்டாய்ப் பிரியுமாம்)
ஈரச் சாக்கால் மூடி,
பதினைந்து நாள் அந்தச் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

என் வேலை ஸ்கான் எடுப்பது.
குளிர்ந்த ஜெல் தடவி, கருவியை அழுத்தி,
“மூச்சைப் பிடியுங்கோ… இனி விடுங்கோ.”
ஒரு நாளைக்கு நாற்பது வயிறு.
பித்தப்பையில் கல், ஏழு மில்லிமீற்றர்.
இடது சிறுநீரகம் சற்றே வீக்கம்.
இருட்டுக்குள் இருப்பதையெல்லாம் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டு
வீட்டுக்கு வந்தால்
ஒரு வாளி மண்ணுக்குள் என்ன நடக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
மேலே பச்சை இறகுகள். அவை எதையும் சொல்வதில்லை.
நகத்தால் கழுத்தடியை மெல்லக் கிளறுவேன்:
வெளிறிய செம்மஞ்சள்.
அவ்வளவுதான் அறிக்கை.

நெருக்கத்தைக் கலைக்க வேண்டும்.
இரண்டு விரல் இடைவெளி; மிச்சம் போகட்டும்.
கத்தரிக்கோலோடு அரைமணி நேரம் நின்றேன்.
எது போகும் எது நிற்கும் என்பதை
இவ்வளவு சத்தமில்லாமல் ஒருத்தி தீர்மானிக்கலாமா?
தீர்மானித்தேன்.
வெட்டியதைச் சம்பலில் போட்டேன்.

பிடுங்கி வேறிடம் நடக்கூடாது,
நட்டால் கோணும் என்றது பக்கெற்றின் பின்பக்கம்.
நான் ஏழு விலாசம் மாறினவள்.
அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
பிறகு பக்கெற்றை எறிந்துவிட்டேன்.

மூன்றாம் மாடி ரிஸ்மியா மணியடித்தார்.
கையில் மகனின் பள்ளிச் சட்டை,
வெள்ளையில் மண்ணிறமாய் மூன்று சொட்டு.
“உங்கட வாளி எங்கட கொடிக்கு மேலே ஒழுகுது.”
மன்னிப்புக் கேட்டேன். அடியில் தட்டு வைத்தேன்.
போகும்போது எட்டிப் பார்த்தார்.
“கொத்தமல்லியா?”
“கரட்.”
“இந்த வெயிலிலயா?”
அதற்குப் பிறகு படியில் காணும்போதெல்லாம்
சட்டையைப் பற்றிப் பேச்சில்லை.
“இப்ப எவ்வளவு நீளம்?”
நோயாளிகளும் இப்படித்தான் திரையை எட்டிப் பார்ப்பார்கள்.
“இன்னும் சொல்ல ஏலாது” என்பேன்,
ஸ்கான் அறைக் குரலில்.

தொண்ணூறாம் நாள்.
கடற்காற்றின் உப்பில் இலை நுனி கருகியிருந்தது.
ஆறேகால் ரயில் போய், பல்கனிக் கம்பி அதிர்ந்து அடங்கியது.
நனைத்து, பிடித்து, இழுத்தேன்.
முதலாவது பெருவிரல் அளவு.
இரண்டாவது காலை மடக்கிக்கொண்டு.
மூன்றாவது இரு கால் விரித்து.
எந்தக் கல்லைத் தவறவிட்டேன்?
மொத்தம் பதினொன்று. இருநூற்றுப் பத்துக் கிராம்.
விதை, தும்புச்சோறு, தண்ணி பில் என்று கூட்டிப் பார்த்தால்
தில்லைநாதனிடமே வாங்கியிருக்கலாம்.
இப்போது கிலோ நானூறு.

நாலைக் கீழே கொண்டுபோனேன், இலையோடு.
இரு கால் கரட்டைத் தூக்கிப் பிடித்து ரிஸ்மியா சிரித்தார்.
சட்டைக்காரப் பையன் கழுவாமலே ஒன்றைக் கடித்தான்.
“இனிக்குதா?”
யோசித்தான்.
“மண் மாதிரி” என்றான். மறுபடி கடித்தான்.

பன்னிரண்டாவதை வாளியிலேயே விட்டிருக்கிறேன்.
பூ பார்க்க ஆசை.
குளிர் படாமல் கரட் பூக்காதாம்.
கொழும்பில் குளிருக்கு எங்கே போவது?
ஸ்கான் அறையில், ஏசிக்குக் கீழே, ஒரு மூலை சும்மா கிடக்கிறது.
டொக்டரிடம் நாளைக்குக் கேட்க வேண்டும்.
வாளியோடு போனால் வேருக்குத் தெரியாது,
லிஃப்ற் வேலை செய்தால்.