பாக்கி பதினோரு வெள்ளி நாற்பது காசு

கோலாலம்பூரிலிருந்து வந்த ஃபவுசி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
நூலா கெரட்டிக்கு நீங்கள் என்ன உறவு?
கடன் கொடுத்தவன் என்றேன்.

சூலியா தெருவில் பெயிண்ட் கடை எங்களுக்கு.
அறுபத்து நாலில் ஒரு மழைநாள்
குடையில்லாமல் உள்ளே வந்தாள்,
ஒரு காலன் வெள்ளை கேட்டாள்.
பேரேட்டில் எழுத அத்தா பெயர் கேட்டார்.
நூலா.
நூலா, கயிறா என்று அத்தா சிரித்ததை
யாரும் அவளுக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை.
நானும்தான். எனக்குப் பன்னிரண்டு வயது.

சுங்கை பட்டாணித் தோட்டத்து டாக்டர்
அன்று காலைதான் கப்பலேறிப் போனார் என்பதும்
அவர் மனைவி கையசைத்துவிட்டு
நேரே எங்கள் படியேறினாள் என்பதும்
பிறகு தெரிந்தது.

மேயோ என்றொரு கரையில் பிறந்தவள்.
அங்கே மழை விழாது, நிற்கும் என்பாள்.
மண்ணை வெட்டிக் காயவைத்து
அடுப்பெரிப்பார்களாம். அத்தா கடைசிவரை நம்பவில்லை.
டப்ளினில் நாலு வருஷம் ஓவியப் பள்ளி,
இரண்டாம் பரிசு ஒன்று.
இங்கே, இறந்துபோன தவுக்கேகளைப்
புகைப்படம் பார்த்து வரைந்தாள்,
முகத்துக்கு முப்பது வெள்ளி.
மருவை எடுக்கச் சொன்னால் எடுப்பாள்.
சிரிக்கவைக்கச் சொன்னால் மாட்டேன் என்பாள்.

தனக்கென்று வரைந்தது வானம் மட்டும்.
ஆளிவிதை எண்ணெய் இந்த ஊர்க் காற்றில்
காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும்.
எழுபத்தொன்றில் பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி;
பதினேழு படத்தில் விற்றது ஒன்று,
அதுவும் சட்டம் தேக்கு என்பதால்.

அப்புறம்தான் கப்பல் பெயிண்டுக்கு மாறினாள்.
எண் இருபத்தேழு, சாம்பல்,
ஒரே ராத்திரியில் காயும்.
கறுப்பு ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு
கலக்கிக் காட்டுவேன்.
இன்னும் அழுக்கா, மைதீன்.
இன்னும்.
எங்க ஊர்ல காலை பத்து மணி, அந்த அழுக்கு.

தொண்ணூற்றேழில் சுமத்ராவில் காடு எரிந்தது.
தண்ணீர்மலை இருந்த இடம் தெரியவில்லை.
பினாங்கே இருமிக்கொண்டிருக்க
ஆர்மேனியன் தெரு மாடியில்
ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு
அவள் பகல் முழுக்க நின்றாள்.
சாயம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வந்துட்டுது பார் என்றாள்.
முப்பத்து மூணு வருஷம் கழிச்சு
என் வெளிச்சம் என் வீட்டைக் கண்டுபிடிச்சிட்டுது.
மூன்று வாரம். ஒன்பது படம்.
மறுவருஷம் பொது மருத்துவமனையில் நெஞ்சுச்சளி,
ஐந்தாம் நாள் படுக்கையில் வேறு யாரோ.

அந்த ஒன்பதும் இப்போது லட்சத்தைத் தொடுகின்றனவாம்.
ஆனால் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தவர்கள்
இது ஓவியச் சாயமே இல்லை,
போலியாக இருக்கலாம் என்கிறார்களாம்.

பேரேட்டை எடுத்து வந்தேன்.
கறையான் தின்றது போக மிச்சம்:
செப்டம்பர் பத்தொன்பது. எண் 27. அரை காலன்.
பாக்கி 11.40.
ஃபவுசி இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை
விரலை வைத்துப் படித்தார்.
இந்தப் பக்கம் மட்டும் கிடைக்குமா?
முதலில் பாக்கி என்றேன்.
ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினார்.
சில்லறை இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.
கல்லாப்பெட்டி நிறையச் சில்லறை.
வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கக் குனிந்தவர் துள்ளினார்.
பறவை! அதே பறவை!
அவளுடைய எல்லா வானத்திலும்
வலது மூலையில் இருக்கிறதாம்,
வளைந்த கழுத்து, சுருட்டிய வால்.
அட்லாண்டிக் கடற்பறவை என்று
ஆராய்ச்சியே நடந்திருக்கிறதாம்.

கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தது அது.
வியாபாரமில்லாத ஒரு மத்தியானம்
டின் மூடியில் தூரிகையால் எழுதிக் காட்டியிருந்தேன்:
நூ.
நாளைக்கு லா என்றேன்.
முதல் எழுத்தே போதும் என்று
மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஊரில் அப்படியொரு பறவையைப்
பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார் ஃபவுசி.

பார்த்திருக்கிறேன் என்றேன்.
மழையில் வரும்.
குடை இருக்காது.