கழிவு: மாதம் ஒரு ரூபாய்

நியூ சவுத் வேல்சில் பிறந்த குதிரை.
நாற்பத்தொரு நாள் நின்றபடியே கடல் கடந்தது.
காங்கேசன்துறையில் வயிற்றில் வார் கட்டி
வத்தையில் இறக்கினார்கள்.
விலை நூற்றெண்பது ரூபாய்.
கச்சேரிப் பேரேட்டில் எழுதியவன் நான்.

கூடவே வந்தான் ஒரு செம்முடிக்காரன்.
இரண்டு இரவு தவறணையில் குந்தியிருந்து
மேசையில் விரல் தட்டித் தட்டி
என்னவோ சொன்னான். பாட்டில்லை, பேச்சுமில்லை.
குதிரைக்கார அவுறாம்பிள்ளைக்கு
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
"ஆனால் குளம்பு கேட்டது, கணக்கர்" என்றான்.
"அங்கே வேலியே இல்லையாம். சைகையில் காட்டினான்."

பிறிஸ்டோ துரை அதிலேறி
நெடுந்தீவுக்கு வரி பார்க்கப் போனார்.
கரையில் கால் வைத்ததும் காற்றில் பெட்டை மணம்.
துரை மணலில். தொப்பி கடலில்.
கல்வேலி ஒன்று, கல்வேலி இரண்டு,
மூன்றாவதை அது தாண்டியதைத்
தீவார் இன்றும் கையால் அளந்து காட்டுவர்,
ஆளுக்கோர் உயரம்.

"பிடித்து வா!"
மட்டக்குதிரை மேல் அவுறாம்பிள்ளை.
சோளகம் முகத்தில் மணல் எறிய,
பனங்கூடல் பின்னே பின்னே ஓட,
பகல் மூன்று, இரா மூன்று,
பெருக்குமரத்தைச் சுற்றி, புல்வெளி கீறி,
தட தட தட வென்று
தீவே ஒரு தோல்மேளம்.

மேற்குக் கரைத் துரவில்
தண்ணீர் குடிக்கத் தலை குனிந்தது.
நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கடைவாயில்
கடிவாளம் அறுத்த புண்.
கயிறு கையில்தான் இருந்தது.

நாலாம் நாள் ஈரக் கடிவாளத்தோடு வந்தான்.
"கடலில் இறங்கிவிட்டது, துரை."
துரை அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"மூழ்கி இறந்தது" என்று எழுதினேன்.
உப்புத் தண்ணீரில் நனைத்த தோல் வெளிறும்.
இது வெளிறவில்லை.
அதை நான் எழுதவில்லை.

நூற்றெண்பது ரூபாய். மாதம் ஒன்று.
பதினைந்து வருசம்.

துரை மாறிப் போனார். அடுத்தவர் வந்து
தீவில் நெற்றிச்சுட்டிக் குட்டிகள்
ஏழெட்டு நிற்பதேன் என்று கேட்டார்.
"உப்புக் காற்று, ஐயா" என்றார் மணியகாரர்.

சம்பள நாளில் அவுறாம்பிள்ளை
பெருவிரல் மையைத் தலைமயிரில் துடைப்பான்.
கழித்தது போக மிச்சத்தை எண்ணமாட்டான்.
என் மேசை விளிம்பில் மற்ற நாலு விரலும்
தட தட, தட தட.
மைக்கூடு ஆடும்.
நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு
அது முடியும் வரை
அடுத்தவன் பெயரைக் கூப்பிடமாட்டேன்.