சான்றுப்பொருள் அறை

ஒரு கத்தி சான்றுப்பொருள் ஆவதற்கு
முதலில் அதை அளக்க வேண்டும்,
பிடி முடியுமிடத்திலிருந்து நுனிவரை.
பிறகு பழுப்பு உறை, நூல், அரக்கு, இலக்கம்.
மட்டக்களப்பில், நீதிமன்றத்தின் பின்கட்டில்
பதினொரு வருடமாய் இதுதான் என் வேலை.
விரல்களில் துரு மணக்கும்,
மத்தியானம் சோறு பிசையும்போதும்.

மேல்தட்டில் மன்னாக் கத்தி நாலு,
துணி சுற்றிய சைக்கிள் செயின் ஒன்று.
கீழே தாக்கத்திகள்.
தாக்கத்திக்கு மாதம் முக்கியம்.
மாசியில் கரடியனாற்று றோட்டால்
தோளில் போட்டுக்கொண்டு போனால் வெள்ளாமை.
ஐப்பசி இரவில் கொண்டு போனவனிடம்
"இப்ப எந்த வயல் வெட்டுது?" என்று கேட்டார்கள்.
அவனுக்கு ஒரு வயலின் பெயரும் வாயில் வரவில்லை.

சந்திவெளி ஓட்டோக்காரர் தெய்வேந்திரனின்
சீற்றுக்கடியில் ஒன்றரை முழக் கம்பி.
"டயர் கழட்ட, சேர்" என்றாராம்.
எந்த டயர் என்று ஆரும் கேட்கவில்லை.
கம்பி அவரோடேயே வீட்டுக்குப் போய்விட்டது.
என் அலமாரிக்கு அது வந்ததே இல்லை.

இந்த வில்லுக்கத்தி யதுஷாளினியுடையது.
மூன்றேகால் அங்குலம். பச்சைப் பிளாஸ்ரிக் பிடி.
விலைச்சீட்டின் பசை இன்னும் ஒட்டுது.
ஆடைத் தொழிற்சாலையில் இரண்டாம் சிப்ட்.
பஸ் இறக்கிவிடும் சந்தியிலிருந்து வீட்டுக்கு
இருபத்திரண்டு மின்கம்பம்,
ஐந்தில் மட்டும் வெளிச்சம்.
கல்லடிப் பாலத்தடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
எதற்கு இது என்று கேட்டதற்கு
"பயத்துக்கு" என்றிருக்கிறாள்.

வாக்குமூலம் சிங்களத்துக்குப் போய்
தமிழுக்குத் திரும்பி வந்தபோது
"தற்காப்பு ஆயுதமாக" என்றிருந்தது.
பயம் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது,
ஆயுதம் மட்டும் பத்திரமாய் வந்து சேர்ந்தது.

சட்டத்தரணி அம்மா வராந்தாவில்
கோப்பால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.
"மாங்காய் வெட்ட எண்டு சொல்லியிருந்தா
வழக்கே இல்ல மனே.
உப்பும் தூளும் பையில கிடந்தா
இன்னும் நல்லம்."
"தூள் கிடந்ததுதான் மிஸ்.
அதையும் எழுதிட்டாங்க."

பட்டியலில் இரண்டாம் பொருள்:
மூடி இறுகிய சிறு டப்பி, சிவப்புத் தூள்.
நான்தான் நிறுத்தேன். நாற்பது கிராம்.
மூன்று தரம் தும்மினேன்.

ஏழு நிமிடம்.
எச்சரிக்கை, தண்டப்பணம், பொருட்கள் அரசுடைமை.
அடுத்தது ஒரு கசிப்பு வழக்கு.

கையெழுத்துக்கு என் யன்னலுக்கு வந்தாள்.
"மறுகா நான் எத அக்கா கொண்டு போற?"
நக்கலாய்க் கேட்கவில்லை.
கொண்டு போகக்கூடியவற்றின் பட்டியல் ஒன்று
என் மேசை லாச்சிக்குள் இருக்கும்,
எடுத்து நீட்டுவேன் என்றுதான் நினைத்தாள்.
"குடை?"
கொண்டு போகலாம் என்றேன்.
"திறப்புக் கோர்வை?"
அது வீட்டுத் திறப்புத்தானே.
"ஊக்கு?"

மின்விசிறி பேப்பரைத் தூக்கியது.
கத்தி எது என்று எழுதிவைத்த சட்டத்தில்
சந்தி எது என்று இல்லை,
எரியாத பதினேழு கம்பங்களும் இல்லை.
"இதில போடுங்க" என்று கோட்டைக் காட்டினேன்.
போட்டாள். ய மட்டும் பெரிதாக.

நாலரை செங்கலடி பஸ். இடமில்லை, நின்றபடி.
என் சேலைத் தோளுக்கு ஒரு ஊக்குப் போதும்.
நான் எப்போதும் இரண்டு குத்துவேன்.
அடிமட்டம் கையிலேயே இருந்தும்
அந்த இரண்டாவதை ஒருநாளும் அளந்ததில்லை.

பிள்ளையாரடி தாண்ட
பின்னால் நின்ற சேட்டு இன்னும் கிட்ட வந்தது.
பஸ் குலுங்கவில்லை.
விரல் தானாய்ப் போய் ஊக்கைத் திறந்தது.

சேலைக்கு, சேர்.
சேலைக்குத்தான் என்று
உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தேன்.