நூற்று இருபது

சனையா பத்தில்
பீரான் இக்காவின் பக்காலாவிலிருந்து
ஷேர் ஜமானின் மெஸ் வரை
இரண்டே கால் கிலோமீட்டர்.
கேரியரில் நான்கு அட்டை,
நூற்று இருபது முட்டை.
உடைந்தால் என் கணக்கு.

முதல் வாரம் பதினேழு உடைந்தது.
கறுப்பாக இருந்தால் ரோடு
என்று நினைத்திருந்த காலம் அது.

இப்போது இருட்டிலும் சொல்வேன்.
கண்ணாடிக் கடை வாசலில்
பைப் புதைத்து மூடிய குறுக்குக் கோடு:
சீட்டை விட்டு எழுந்து
முழங்காலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.
டயர் கடை முன்னால்
ட்ரெய்லர்கள் மிதித்து மிதித்து
தார் இரண்டு வாய்க்காலாய் உள்வாங்கியிருக்கும்,
ஜூலையில் இன்னும் கொஞ்சம்.
அதில் இறங்கிவிட்டால்
வாய்க்கால் போகிற இடத்துக்குத்தான்
நானும் போக வேண்டும்.
பள்ளிவாசல் ஓரத்து இன்டர்லாக் கல்
பார்க்க அழகு,
கைப்பிடி வழியே ஏறி
கடைவாய்ப் பல்லில் டைப் அடிக்கும்.
அங்கே இரண்டு முட்டை கீறும், ஒழுகாது.
கீறலை ஷேர் ஜமான் எடுத்துக்கொள்வார்.

காத்தைக் குறைச்சு ஓட்டு என்றான்
பஞ்சர் ஒட்டும் மொக்லேஸ்.
குறைத்தேன்.
முட்டை பிழைத்தது, ரிம் வளைந்தது.
பதினைந்து திர்ஹம்.

குழி என்றால் கண்ணுக்குத் தெரியும்.
வேகத்தடைக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.
மணல் ஒன்றும் சொல்லாது.
வியாழன் ராத்திரி காற்று.
வெள்ளிக் காலை ரவுண்டானா வளைவில்
ரவை தூவியது போல,
விரல் கனம்கூட இல்லை.
முன் சக்கரம்
என்னைக் கேட்காமல் போய்விட்டது.

பின்னால் வந்த தண்ணி டேங்கர்
ஹாரன் அடித்தபடியே நின்றது,
என் காதுக்கு ஒரு முழம் தள்ளி.
டிரைவர் இறங்கவில்லை.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் இருந்தான்.
அவன் பேர்கூடக் கேட்கவில்லை நான்.

இந்த வெயிலில் தார்மேல் முட்டை வேகும் என்பார்கள்.
வேகவில்லை.
மணலைக் குழைத்துக்கொண்டு காய்ந்தது.

நாற்பத்தொன்று தப்பியது.
எண்ணினேன், இடது கையால்.
வலது மணிக்கட்டு
அதற்குள் பன் மாதிரி ஆகியிருந்தது.

இக்கா நோட்டைத் திறந்தார்,
என் கையைப் பார்த்தார்,
மூடினார்.
சாயங்காலம் திறந்து
பாதி எழுதினார்.

ரெண்டு மாசம் கழித்து
வெள்ளை வேன் ஒன்று வந்து கடை முன் நின்றது.
முன்னால் கேமரா, கீழே சிவப்பு விளக்கு.
தண்ணீர் பாட்டில் எடுத்துப்போய் ஜன்னலில் கொடுத்தேன்.
என்ன அளக்கிறீங்க சார்?
ரோட்டோட சொரசொரப்பு, என்றார்
உள்ளே ஏசியில் இருந்தவர்.
நல்ல மனிதர், சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னார்.
கண்ணாடிக் கடை, டயர் கடை, ரவுண்டானா
எல்லாம் நாக்கு வரை வந்தது.
வண்டி கிளம்பிவிட்டது.

நடு லேனில் போனார்கள்.
ஓரத்து ஒன்றரை அடியில் நான்,
இன்றைக்கு மூன்றே அட்டை.
கண்ணாடிக் கடை வருகிறது.
எழுந்து நிற்கிறேன்.